முள்ளம்பேத்தையைக் கலைக்காமல் பார்ப்பது எப்படி: பவளப்பாறையில் தேடலும் அணுகலும்

முள்ளம்பேத்தை என்றவுடன் பெரும்பாலோரின் மனத்தில் எழுவது, உடல் பந்தாக உப்பி, முட்கள் நாலாபக்கமும் விறைத்து நிற்கும் தோற்றமே. படங்களும் காணொளிகளும் அந்த ஒரு கணத்தையே திரும்பத் திரும்பக் காட்டுவதால், அதுவே அம்மீனின் இயல்பான உருவம் என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் அது உயிருக்கு அஞ்சிய மீனின் தோற்றம். முட்களை உடலோடு படிய வைத்துக்கொண்டு, பெரிய கண்களை உருட்டிப் பார்த்தபடி, பாறை இடுக்கின் நிழலில் அசையாமல் நிற்கும் மீனையோ, இரவில் இரை தேடி நிதானமாகச் செல்லும் மீனையோ பார்த்துவிட்டு, அது நம்மைப் பொருட்படுத்தாமல் இருக்கும்போதே திரும்பி வருவதைத்தான் நல்ல பார்வை என்று நான் கருதுகிறேன். மீன் உப்பிவிட்டால், பார்க்க வந்தவர் ஏதோ ஒரு கட்டத்தில் எல்லை மீறிவிட்டார் என்றே கொள்ள வேண்டும். ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய் கொண்டு மேல்மட்டத்தில் நீந்துபவருக்கும் ஸ்கூபா என்ற காற்றுக்கலன் கருவியுடன் ஆழம் செல்பவருக்கும் பொருந்தும்படி, எங்கே, எப்போது, எவ்வாறு தேடுவது, எவ்வளவு தொலைவில் நிற்பது என்பவற்றை இங்கே விளக்கியிருக்கிறேன்.

உடல் உப்பும்போது நடப்பது

இதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. அணுகும் முறை பற்றிப் பின்னால் சொல்லப்படும் அனைத்துக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. முள்ளம்பேத்தைக்கு விலா எலும்புகள் கிடையாது, இடுப்புத் துடுப்புகளும் கிடையாது. அச்சுறுத்தப்படும்போது அது தண்ணீரை வாயால் மடக்கு மடக்காக விழுங்கி இரைப்பைக்குள் செலுத்துகிறது. அந்த இரைப்பை செரிமான வேலையை விட்டுவிட்டு, நீரைத் தாங்கும் பையாகவே மாறிவிட்ட உறுப்பு; சாதாரண நிலையில் நெருக்கமான மடிப்புகளாகச் சுருங்கியிருந்து, நீர் நிரம்பும்போது விரிந்து, உடலின் பருமனை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. எலிசபெத் பிரெய்னர்ட் 1994 இல் வெளியிட்ட உடற்கூற்று ஆய்வு, இம்மீனின் தோல் சுமார் 40 விழுக்காடு வரை எளிதில் நீண்டு, அதன்பின் சட்டென்று இறுகிக் கெட்டியாகிவிடுகிறது என்று காட்டியது. முட்கள் என்று நாம் சொல்பவை உருமாறிய செதில்கள். அவற்றின் அடிப்பகுதி தோலுக்குள் கிளைத்து ஊன்றியிருப்பதால், தோல் இழுபட்டு விறைக்கும்போது அவையும் தாமாகவே நிமிர்ந்துகொள்கின்றன.

இவ்வளவு பெரிய மாற்றம் உடலுக்குச் சுமையாகாமல் இராது. முள்ளம்பேத்தையின் நெருங்கிய உறவான கேந்திகாஸ்டர் வேலன்டினி என்ற சிறு பேத்தையை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, உப்பியிருக்கும்போது மீன் மூச்சை அடக்குவதில்லை, மாறாக வழக்கத்தைவிட மிக அதிகமான ஆக்சிஜனைச் செவுள்கள் வழியே எடுத்துக்கொள்கிறது என்று கண்டது. உடல் சுருங்கிய பிறகும் அதன் ஆக்சிஜன் தேவை பழைய நிலைக்குத் திரும்பச் சராசரியாக 5.6 மணி நேரம் ஆயிற்று. ஒரு படத்துக்காக மீனை உப்பவைப்பவர் சில நொடிகளில் விலகிப்போய்விடுவார். மீனோ களைப்போடும் குறைந்த வேகத்தோடும் மணிக்கணக்கில் அந்தப் பாறையிலேயே கிடக்க வேண்டியிருக்கும். காசு வாங்கிக்கொண்டு மீனைக் கையில் பிடித்து உப்பவைத்துக் காட்டும் வழிகாட்டிகள் உண்டு. அப்படிப்பட்டவருடன் கடலில் இறங்க மறுப்பதே சரி.

எங்கே தேடுவது

முள்ளம்பேத்தைக் குடும்பத்தில் ஏறத்தாழ 20 இனங்கள் உள்ளன. அவற்றுள் டயோடான் ஹிஸ்ட்ரிக்ஸ், டயோடான் ஹோலோகாந்தஸ் ஆகிய இரண்டும் இந்திய, பசிபிக், அட்லாண்டிக் பெருங்கடல்கள் மூன்றின் வெப்பப் பகுதிகளிலும் வாழ்பவை. இரண்டுக்கும் லின்னேயஸ் 1758 இலேயே பெயரிட்டுவிட்டார். ஆகவே வெப்பமண்டலத்தில் ஆரோக்கியமான பவளப்பாறை இருக்கும் இடத்தில் இவற்றுள் ஒன்றையாவது எதிர்பார்ப்பது நியாயமானதே. ஆனால் பாறையின் எந்தப் பகுதியில் தேடுகிறோம் என்பதே கண்ணில் படுமா, படாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

முட்டைகளும் குஞ்சுகளும் திறந்த கடலில் மிதந்து திரிபவை. ஹோலோகாந்தஸ் குஞ்சு விரல் நீளத்தைக் கடந்ததும் கரையோரத்துக்கு வந்துவிடுகிறது. ஹிஸ்ட்ரிக்ஸ் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வளரும்வரை கடலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. இதனால் பாறையில் உள்ளங்கையளவு முள்ளம்பேத்தையைக் கண்டால், அது பெரும்பாலும் ஹோலோகாந்தஸாகவே இருக்கும். கடற்புல் படுகைகளும் சதுப்புநிலக் காடுகளை ஒட்டிய அமைதியான ஆழங்குறைந்த நீரும் இத்தகைய இளம் மீன்களைத் தேட ஏற்ற இடங்கள்.

வளர்ந்த மீனுக்குப் பகலில் கூரை வேண்டும். அழகான பவளக் கொம்புகள் செழித்திருக்கும் வெளிச்சமான மேல்தளத்தில் எவ்வளவு நேரம் நீந்தினாலும் பயன் குறைவு. அந்தத் தளம் சட்டென்று முடிந்து சரியும் விளிம்பு, பாறையின் அடியில் அலை குடைந்த பள்ளம், மேசை போல் விரிந்த அக்ரோபோரா பவளத்தின் கீழ்நிழல், குகையின் வாயில், மூழ்கிய கப்பலின் உடைந்த அறைகள் ஆகியவற்றைப் பொறுமையாகப் பாருங்கள். நல்ல மறைவிடத்துக்கு மூன்று இயல்புகள் இருப்பதைக் கவனித்திருக்கிறேன்: மேலே தடித்த கூரை, உள்ளே மீன் திரும்பும் அளவுக்கு அகலம், அருகிலேயே மணலும் பவளச் சிதிலமும் கலந்த திறந்த தரை. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இம்மீனின் உணவான சங்கு, நத்தை, நண்டு, துறவி நண்டு, கடல் முள்ளெலி ஆகியவை அந்தச் சிதிலத் தரையில்தான் மிகுந்திருக்கும். நீச்சலில் வேகமில்லாத மீன், உண்ணும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் இடையே நீண்ட தூரம் போக விரும்பாது.

மீன் பவளத்தை உண்பதில்லை. பவளம் கட்டிய கட்டுமானத்தில் குடியிருக்கிறது. ஆகவே பவளம் வெளிறி இறந்த உடனே அது மறைந்துவிடுவதில்லை. இறந்த எலும்புக்கூட்டை அலையும் துளைக்கும் உயிர்களும் சில ஆண்டுகளில் அரித்து நொறுக்கி, விளிம்புகளும் குகைகளும் சரிந்து சமதளமாகும்போதுதான் மறைவிடம் போகிறது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய பவள வெளிறல் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பாறைக்குச் செல்பவர்கள் நிறத்தை மட்டும் பாராமல், பாறையின் அமைப்பு எவ்வளவு நிலைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிறம் இழந்தும் உருவம் குலையாத பாறையில் முள்ளம்பேத்தை இன்னும் இருக்கக்கூடும்.

நேரமும் நீரும்

முள்ளம்பேத்தை முதன்மையாக இரவில் இரை தேடும் மீன். பகலில் தேடுபவர் ஓய்வில் இருக்கும் மீனைப் பார்ப்பார். இரவில் தேடுபவர் நடமாடும் மீனைப் பார்ப்பார். முதன்முறை செல்பவருக்குப் பகலையே பரிந்துரைக்கிறேன். மறைவிடங்களைப் பகலில் அடையாளம் கண்டு வைத்துக்கொண்டால், அதே பாறைக்கு அந்திப்பொழுதில் மீண்டும் சென்று, மீன் வெளியே வருவதை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். கதிரவன் மறைவதற்குச் சற்று முன்னிருந்து இருள் கவியும்வரை உள்ள நேரம் மிகச் சிறந்தது. பகல் மீன்கள் ஒதுங்கும், இரவு மீன்கள் புறப்படும். டார்ச் வெளிச்சம் இன்னும் அதிகம் தேவைப்படாது.

நீரோட்டம் தணிந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நீரோட்டம் இழுக்கும்போது, தன்னை நிலைநிறுத்திக்கொள்ளத் தவிக்கும் மனிதரின் கைகால்கள் பவளத்தில் மோதுகின்றன, மணல் கலங்குகிறது, மீன் உள்ளே ஒடுங்கிவிடுகிறது. அலை மோதும் பக்கத்தைவிடக் காற்று மறைவான பக்கத்தில் நீர் தெளிவாக இருக்கும்.

கருவிகளில் ஆடம்பரம் தேவையில்லை. நீர் கசியாத முகக்கண்ணாடி, ஸ்நார்க்கல், பாதத்துக்குச் சரியாகப் பொருந்தும் துடுப்புகள், வெயிலுக்கும் கீறலுக்கும் காப்பாக முழுக்கை நீச்சலுடை ஆகியவை போதும். உடலை மூடும் உடை அணிந்தால் வெயில் தடுப்புப் பூச்சின் தேவை பெரிதும் குறைந்துவிடும். ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த பூச்சுகள் பவளத்துக்குக் கேடு என்ற கவலையால் பலாவு 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் அவற்றின் விற்பனையைத் தடை செய்துள்ளன. கையுறை அணிய வேண்டாம் என்பேன். கையுறை அணிந்த கை எதையாவது பிடிக்கத் தயங்குவதில்லை.

அணுகும் முறை

மறைவிடத்தைக் கண்டதும் நேராக அதன் வாயிலுக்குச் செல்லாதீர்கள். நான்கைந்து மீட்டர் தொலைவிலேயே நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண் பழகும்வரை பாருங்கள். வெளிச்சத்திலிருந்து நிழலைப் பார்க்கும்போது முதலில் தெரிவது பெரும்பாலும் கண்தான். முள்ளம்பேத்தையின் கண் உடலுக்கு மிஞ்சிய பெரியது. அதில் நீலமும் பச்சையுமான நுண்புள்ளிகள் மினுங்கும். அந்த மினுக்கத்தைக் கண்டபின், அதைச் சுற்றி அகன்ற தலையும், தடித்த உதடுகளும், சற்றுத் திறந்த வாயில் வெண்மையான அலகும் மெல்ல மெல்லப் புலப்படும்.

பிறகு பக்கவாட்டில், மீன் இருக்கும் ஆழத்துக்குச் சமமான ஆழத்தில், மிக மெதுவாக நெருங்குங்கள். மேலிருந்து இறங்கும் உருவம் வேட்டையாட வரும் விலங்கின் வருகையைப் போன்றது. ஸ்நார்க்கலில் இருப்பவர் மீனுக்கு நேர் மேலே மிதக்காமல், சற்றுத் தள்ளி மிதந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். ஸ்கூபாவில் இருப்பவர் மிதப்புச் சமநிலையை முன்னதாகவே சரிசெய்துகொண்டு, கைகளை மார்போடு சேர்த்து, துடுப்பின் நுனி தரையில் படாதபடி முழங்காலை மடக்கி நீந்த வேண்டும். மூச்சையும் சீராக விட வேண்டும், ஏனெனில் குமிழிகள் திடீரென்று திரளாக எழும் ஓசையே போதும், மீன் திரும்பி உள்ளே போய்விடும். இரண்டு மீட்டருக்குக் குறையாத இடைவெளி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேறும் வழியை மறைக்காதீர்கள். குகைக்கு ஒரே வாயில் இருந்து அதில் இரண்டு பேர் நின்றுவிட்டால், மீனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே தற்காப்பு உப்புவதுதான்.

மீனின் மனநிலையை அதன் உடலே காட்டும். மார்புத் துடுப்புகள் சீராக விசிறிக்கொண்டிருந்தால், கண்கள் உங்களையும் மற்றவற்றையும் மாறி மாறிப் பார்த்தால், கவலையில்லை. துடுப்பின் அசைவு வேகமெடுத்து, மீன் உங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்ப முயன்றால் அது முதல் எச்சரிக்கை. முட்கள் படிந்த நிலையிலிருந்து சற்றே எழும்பி, வாய் விட்டுவிட்டு விழுங்குவதுபோல் அசையத் தொடங்கினால், அடுத்த சில நொடிகளில் உப்பிவிடும். அந்தக் கணமே பின்வாங்குங்கள். பின்வாங்குவதும் மெதுவாக, முகத்தைத் திருப்பாமல், வந்த வழியே இருக்க வேண்டும். ஒரு மீனுடன் சில நிமிடங்களுக்குமேல் தங்க வேண்டாம். பாறையில் துப்புரவு மீன்கள் பணி செய்யும் இடம் அருகில் இருந்தால் அங்கே தங்குவது நல்லது: நீல வரியுள்ள சிறிய லாப்ராய்டஸ் மீன், முள்ளம்பேத்தையின் முட்களுக்கிடையே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும்போது, அந்தப் பெரிய மீன் தன் முட்களை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். கடலில் நான் மிகவும் நேசிக்கும் காட்சிகளில் அது ஒன்று.

பார்க்கச் செல்லும்போது மீனைத் தொடுவது எந்நிலையிலும் கூடாது. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் பற்கள் ஒன்றாக இணைந்து ஒவ்வோர் ஒற்றை அலகாக இருப்பவை. சங்கின் ஓட்டை நொறுக்கும் அந்த அலகுக்கு விரல் எம்மாத்திரம்? தவிர, கையின் உராய்வு மீனின் தோலில் உள்ள காப்புச் சளிப்படலத்தை வழித்துவிடும்.

இரவில்

இரவு நீச்சலுக்கு அந்தப் பாறையை நன்கறிந்த துணை ஒருவர் கட்டாயம் வேண்டும். பகலில் குகையில் ஒதுங்கியிருந்த மீன், இரவில் சிதிலத் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், முதுகுத் துடுப்பையும் மலவாய்த் துடுப்பையும் அசைத்துத் தனியே உலாவும். டார்ச்சை மீனின் கண்ணில் நேராக அடிக்காதீர்கள். கண் கூசிய மீன் பாறையில் மோதிக்கொள்வதுண்டு. குறைந்த ஒளியைத் தரையில் விழச்செய்து, அதன் விளிம்பு வெளிச்சத்தில் மீனைப் பாருங்கள். அமைதியாக இருந்தால், அது நண்டையோ சங்கையோ கவ்வி நொறுக்கும் ஓசை நீரில் தெளிவாகக் கேட்கும்.

முள்ளம்பேத்தையின் முட்களில் நஞ்சு இல்லை, ஆனால் அதே பாறையில் வாழும் வேறு பல முள் உயிர்களுக்கு உண்டு. சிங்கமீனின் விசிறித் துடுப்புகளும், கல்லாகவே தோன்றும் கல்மீனின் முதுகு முட்களும், நீண்ட கரிய முட்களுடைய டயடீமா கடல் முள்ளெலியும் இரவில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே பாறையில் கையூன்றுவதும், ஆழங்குறைந்த இடத்தில் எழுந்து நிற்பதும் கூடாது. சிங்கமீனோ கல்மீனோ குத்திவிட்டால் உடனே கரையேறி, காயப்பட்ட பகுதியைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். அடிபட்டவரின் தோல் மரத்திருக்கலாம் என்பதால் நீரின் சூட்டை வேறொருவர் தன் கையால் சோதிக்க வேண்டும். அதன்பின் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த இனம் என்று அறிதல்

உடலிலும் துடுப்புகளிலும் சிறிய கரும்புள்ளிகள் நிறைந்து, வால் காம்பின் (வால் துடுப்புக்கு முன்னுள்ள குறுகிய பகுதியின்) மேற்புறத்திலும் சிறு முட்கள் இருந்தால் அது ஹிஸ்ட்ரிக்ஸ். 90 சென்டிமீட்டர் வரை வளரும் இதுவே குடும்பத்தில் பெரியது. முதுகில் பெரிய கரும்பட்டைகளும், கண்களின் குறுக்கே ஒரு கரும்பட்டையும், உடலின் மற்ற முட்களைவிட நீண்ட நெற்றி முட்களும், புள்ளியற்ற துடுப்புகளும் உடையது ஹோலோகாந்தஸ். இந்திய, பசிபிக் கடல்களில், கருந்திட்டுகளைச் சுற்றி வெளிர் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் டயோடான் லிட்டுரோசஸ் என்று கொள்ளலாம். உப்பாத நிலையிலும் முட்கள் குட்டையாக, நிமிர்ந்தே நின்றால் அது டயோடான் பேரினமே அன்று. அசையாத முட்களுடைய சைக்ளிக்திஸ் முதலான உறவினங்களில் ஒன்று. சாதாரணப் பேத்தையோடு குழப்பம் வந்தால் அலகைப் பாருங்கள்: பேத்தையின் அலகில் நடுவே பிளவுக் கோடு இருக்கும், முள்ளம்பேத்தையில் இராது.

கரைக்கு வந்தவுடன் நேரம், ஆழம், மறைவிடத்தின் வகை, அருகில் இருந்த தரை, மீனின் தோராய நீளம், அது என்ன செய்துகொண்டிருந்தது ஆகியவற்றை எழுதிவிடுங்கள். தொலைவிலிருந்து எடுத்த படமேயானாலும், துடுப்பும் முதுகும் தெரிந்தால் உயிரினங்களைக் கண்ட விவரங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத் தளத்தில் பதிவேற்றலாம். இடத்தைத் தோராயமாக மட்டும் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். காயவைத்து உப்பவைத்த மீன்களை அலங்காரப் பொருளாக விற்கும் வணிகம் இன்னும் நடப்பதால், மறைவிடத்தின் துல்லியமான இடத்தை எல்லோருக்கும் அறிவிப்பது நன்றன்று. அத்தகைய பொருளை வாங்காமலிருப்பது அதைவிட முக்கியம்.

வலையிலோ கரையிலோ உப்பிய மீனைக் கண்டால்

நீருக்கு வெளியே அஞ்சும் முள்ளம்பேத்தை தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கிவிடும். 1832 இல் பிரேசிலின் பாஹியா கடற்கரையில் இம்மீனைக் கவனித்த சார்லஸ் டார்வின், அது காற்றையும் நீரையும் விழுங்கி உப்பி, முதுகு கீழாக மிதந்தபடியே நீந்தவும் திரும்பவும் வல்லது என்று பதிவு செய்திருக்கிறார். ஆனால் அந்த நிலை நீடித்தால் மீனால் கீழே இறங்க முடியாது. வெயிலும் பறவைகளும் அதை முடித்துவிடும். இது ஒன்றே மீனைக் கையாள நியாயமான சூழல். தடித்த நனைந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, வாய்க்கு எட்டாதபடி பின்புறமாகப் பிடித்து, மீனை நீருக்கடியில் முழுவதுமாக ஆழ்த்தி, தலை மேல்நோக்கி இருக்கும்படி தளர்வாகத் தாங்குங்கள். வயிற்றை அழுத்தக் கூடாது. காற்று குமிழி குமிழியாக வாய் வழியே தானாக வெளியேறச் சிறிது நேரம் பிடிக்கும். குமிழிகள் நின்று, முட்கள் படியத் தொடங்கி, மீன் தானாகவே துடுப்புகளை அசைத்துக் கீழ்நோக்கித் திரும்ப முயலும்போது விட்டுவிட்டு விலகுங்கள். உண்ணும் எண்ணத்தில் அதைக் கரைக்குக் கொண்டு செல்ல வேண்டாம்: முள்ளம்பேத்தையின் உள்ளுறுப்புகளில் டெட்ரோடாக்சின் என்ற நரம்பு நஞ்சு இருக்கக்கூடும், அதற்கு மாற்று மருந்து இல்லை, சமைப்பதால் அது அழிவதும் இல்லை.